5-நிலை எச்-பிரிட்ஜ் இன்வெர்ட்டர்: பேஸ்-ஷிஃப்ட் கேரியரா, லெவல்-ஷிஃப்ட் கேரியரா?

#1 இளமின்

வணக்கம். எம்.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு எடுத்திருப்பது மூன்று பேஸ் காஸ்கேடட் எச்-பிரிட்ஜ் இன்வெர்ட்டர் (டிசியை ஏசியாக்கும் சிறு செல்களைத் தொடராக இணைத்தது). ஒரு பேஸுக்கு 2 செல், அதாவது பேஸ் வோல்டேஜில் 5 நிலைகள். ஒவ்வொரு செல்லுக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் சுற்று, டையோடு பிரிட்ஜ், கெப்பாசிட்டர் வழியாக 100 வோல்ட் டிசி. லோடு ஆர்-எல். மாடுலேஷன் இன்டெக்ஸ் (வேண்டிய வோல்டேஜ் உச்சத்துக்கும் மொத்த டிசிக்கும் உள்ள விகிதம்) 0.9.

இரண்டு முறைகளிலும் 2 கிலோஹெர்ட்ஸ் கேரியர் (ரெஃபரன்ஸ் சைன் அலையோடு ஒப்பிட்டு ஸ்விட்ச் நேரத்தைத் தீர்மானிக்கும் முக்கோண அலை) வைத்து சிமுலேஷன் ஓட்டினேன். ஒன்று செல்லுக்குச் செல் கேரியரின் கோணத்தை நகர்த்தும் பேஸ்-ஷிஃப்ட் (இனி பி.எஸ்.), இன்னொன்று எல்லா கேரியரையும் ஒரே கோணத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பட்டைகளாக அடுக்கிய லெவல்-ஷிஃப்ட் (இனி பி.டி.). லைன் வோல்டேஜ் டி.எச்.டி. (அடிப்படை அலையின் மேல் சேரும் ஹார்மோனிக் எனும் தேவையற்ற அலைகளின் மொத்த அளவு) பி.டி.யில் குறைவு. ஆனால் கரன்ட் டி.எச்.டி. பி.எஸ்.ஸில் குறைவு. எதை நம்புவது?

ஹார்டுவேரில் இன்னொரு விஷயம். பி.டி. ஓடும்போது எல்லா பேஸிலும் முதல் செல்லின் டையோடு பிரிட்ஜ் நன்றாகச் சுடுகிறது, இரண்டாம் செல்லின் பிரிட்ஜ் வெதுவெதுப்புதான். முதல் செல்லின் டிசி வோல்டேஜும் கொஞ்சம் இறங்கி நிற்கிறது. பி.எஸ்.ஸில் இப்படி இல்லை. வழிகாட்டி டி.எச்.டி. அட்டவணையைப் பார்த்துவிட்டு பி.டி.யையே எடுக்கச் சொல்கிறார்.

#2 டிரைவ்ஸ்_கோவை

தம்பி, உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு முடிவும் சரி. ஒப்பிட்ட விதம்தான் சரியில்லை.

பி.எஸ்.ஸில் ஒவ்வொரு செல்லும் 2 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகிறது. செல்லுக்குள் இரண்டு லெக்கும் (மேலும் கீழுமாக ஸ்விட்ச் கொண்ட கிளைகள்) யூனிபோலராக, அதாவது ஒன்று ரெஃபரன்ஸையும் மற்றது எதிர்-ரெஃபரன்ஸையும் பின்பற்றி, ஓடுவதால் செல்லின் அவுட்புட்டில் அது 4 கிலோஹெர்ட்ஸாகத் தெரியும். இரண்டு செல் சேர்ந்தால் 8. ஆக உங்கள் முதல் ஹார்மோனிக் கூட்டம் 8 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி இருக்கும். பி.டி.யில் 2 கிலோஹெர்ட்ஸ் கேரியர் வைத்தால் அந்தக் கூட்டம் 2 கிலோஹெர்ட்ஸிலேயே உட்கார்ந்துவிடும். நான்கு பட்டைகளில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்கிறது என்பதால் ஒரு லெக்கின் சராசரி ஸ்விட்சிங் 500 ஹெர்ட்ஸ்தான்.

வோல்டேஜ் டி.எச்.டி. கணக்கு, ஹார்மோனிக் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பார்க்காது. 2 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் 10 வோல்ட்டும் 8 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் 10 வோல்ட்டும் அதற்கு ஒன்றே. லோடின் இண்டக்டன்ஸுக்கு அப்படி இல்லை. அலைவரிசை நான்கு மடங்கானால் அதே வோல்டேஜுக்குக் கரன்ட் நான்கில் ஒரு பங்கு. அதனால்தான் கரன்ட்டில் பி.எஸ். ஜெயித்தது.

பி.டி. கேரியரை 8 கிலோஹெர்ட்ஸாக்கி மறுபடி ஓட்டுங்கள். அப்போதுதான் இரண்டிலும் மொத்த ஸ்விட்சிங் எண்ணிக்கை சமம். கூடவே ஒவ்வொரு ஹார்மோனிக்கையும் அதன் வரிசை எண்ணால் வகுத்துக் கூட்டும் எடையிட்ட டி.எச்.டி.யையும் போடுங்கள். ஸ்விட்சிங் எண்ணிக்கையைச் சமப்படுத்தாமல் போடுகிற டி.எச்.டி. அட்டவணைக்கு மதிப்பே இல்லை என்பது என் உறுதியான கருத்து. கல்லூரி அறிக்கைகளில் இது ஏராளமாக வருகிறது என்பது வருத்தம்.

#3 சீரிசை

கோவைக்காரர் சொன்னபடி 8 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் இளமின் இன்னொன்றையும் பார்ப்பார். லைன் வோல்டேஜில் பி.டி. அப்போதும் முன்னே நிற்கும். காரணம் இது:

பி.டி.யில் ஒவ்வொரு பேஸ் வோல்டேஜிலும் கேரியர் அலைவரிசையிலேயே ஒரு பெரிய கூறு இருக்கிறது. மூன்று பேஸுக்கும் கேரியர் பொது என்பதால் அந்தக் கூறு மூன்றிலும் ஒரே கோணத்தில் வருகிறது. லைன் வோல்டேஜ் என்பது இரண்டு பேஸின் கழித்தல், ஆக அது முழுதாக ரத்தாகிவிடுகிறது. ஹார்மோனிக் ஆற்றலில் பெரும்பகுதியை பொதுவான ஓர் இடத்தில் போட்டு, அதை லைன் வோல்டேஜிலிருந்து துடைத்துவிடுவதுதான் பி.டி.யின் பலம். அடுத்தடுத்த கேரியர்களைத் தலைகீழாக்கும் ஏ.பி.ஓ.டி. முறையில் இந்தக் கூறு இல்லை. ஆற்றல் கேரியர் அலைவரிசையின் இருபுறமும் உள்ள பக்கப்பட்டைகளில் சிதறுகிறது, பக்கப்பட்டைகள் கழித்தலில் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

பி.டி., ஏ.பி.ஓ.டி. உட்பட கேரியர்களை மூன்று வகையாக அடுக்கிப் பார்த்தது 1992இல் கர்ராராவும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை. காஸ்கேடட் எச்-பிரிட்ஜில் பி.எஸ். செய்வதும் ஏ.பி.ஓ.டி. செய்வதும் ஸ்பெக்ட்ரத்தில் ஒன்றுதான் என்று இரட்டை ஃபூரியர் தொடரை வைத்து 2002இல் காட்டியவர்கள் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்து மெக்ராத்தும் ஹோம்ஸும். அதைப் படித்தால் பி.எஸ். ஏன் லைன் வோல்டேஜில் ஒரு படி பின்தங்குகிறது என்பது தெளிவாகிவிடும்.

#4 இளமின்

நன்றி சார். பி.டி. 8 கிலோஹெர்ட்ஸில் ஓட்டிவிட்டேன். கரன்ட்டிலும் இப்போது பி.டி. சற்று முன்னே. அப்படியானால் வழிகாட்டி சொன்னது சரிதானே? டையோடு பிரிட்ஜ் சூட்டை மட்டும் ஹீட்சிங்க் பெரிதாக்கிச் சமாளித்துவிடலாமா?

#5 டிரைவ்ஸ்_கோவை

வேண்டாம். சூடு ஓர் அறிகுறி மட்டும்தான். உள்ளே நடப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாடுலேஷன் 0.9 என்றால், இரண்டு செல் சேர்த்து வேண்டிய அடிப்படை அலையின் உச்சம் 1.8 (ஒரு செல்லின் டிசியை 1 என்று வைத்துக்கொண்டால்). உங்கள் பி.டி. அமைப்பில் நடுவிலுள்ள இரண்டு பட்டைகள் முதல் செல்லுக்கு, வெளிப்பட்டைகள் இரண்டாம் செல்லுக்கு. ஆக முதல் செல் கொடுப்பது, 1.8 உச்சமுள்ள சைன் அலையை 1-இல் வெட்டிய வடிவம். அதன் அடிப்படைக் கூறு ஏறக்குறைய 1.20. மிச்சம் 0.60 இரண்டாம் செல்லுடையது. இரண்டிலும் ஓடுவது ஒரே கரன்ட். எனவே பவரில் மூன்றில் இரண்டு பங்கை முதல் செல் சுமக்கிறது. மாடுலேஷனை 0.5-க்குக் கீழே இறக்கினால் இரண்டாம் செல் ஒன்றுமே செய்யாது, முழுச் சுமையும் முதல் செல்லின் தலையில்.

இப்போது இதையே ஒரு மீடியம் வோல்டேஜ் டிரைவில் யோசியுங்கள். 90களில் ரோபிகான் நிறுவனம் கொண்டுவந்த வகை டிரைவில், பேஸுக்கு 3 செல் என்றால் டிரான்ஸ்ஃபார்மரில் 9 செகண்டரி. அவை மூன்று குழுவாக மைனஸ் 20, 0, பிளஸ் 20 டிகிரி என்று நகர்த்திச் சுற்றப்பட்டிருக்கும். செல்கள் சமமாகப் பவர் எடுத்தால் பிரைமரி பக்கம் 18-பல்ஸ் கரன்ட்டாகத் தெரியும், 5-ஆம், 7-ஆம் ஹார்மோனிக்குகள் தங்களுக்குள் ரத்தாகும். ஒரு குழு மட்டும் அதிகம் இழுத்தால் அந்த ரத்து கெடும், கிரிட் பக்கம் ஹார்மோனிக் வெளியே வந்துவிடும். மோட்டார் பக்கம் லைன் வோல்டேஜில் ஒரு துளி லாபத்துக்காக கிரிட் பக்கத்தைக் கெடுக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள். இந்த வகை டிரைவில் பி.எஸ். நிலைத்து நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

#6 சீரிசை

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இது பிரிபடாததால்தான் பல விவாதங்கள் ஒரே இடத்தில் சுற்றுகின்றன.

மல்டிலெவல் மாடுலேஷன் என்பது இரண்டு கேள்விகள். ஒன்று, இந்த நொடியில் அவுட்புட்டில் எந்த நிலை இருக்க வேண்டும். இரண்டு, அந்த நிலையை எந்த செல், எந்த ஸ்விட்ச் கூட்டணி கொடுப்பது. அவுட்புட் ஸ்பெக்ட்ரத்தைத் தீர்மானிப்பது முதல் கேள்வி மட்டும். சூடு, கெப்பாசிட்டர் வோல்டேஜ், பவர் பங்கீடு எல்லாம் இரண்டாவதில் இருக்கிறது. பி.எஸ். இரண்டுக்கும் ஒரே அடியில் பதில் சொல்லிவிடுகிறது. பி.டி. முதல் கேள்விக்கு மிக நல்ல பதில் சொல்கிறது, இரண்டாவதை நம் கையில் விட்டுவிடுகிறது. இளமின் அதற்கு "எப்போதும் முதல் செல்" என்ற பதிலைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் ஒரு பேஸில் 4 லெக், ஆக 16 ஸ்விட்ச் நிலைகள். +2 என்ற நிலைக்கு 1 வழி, +1-க்கு 4, 0-க்கு 6, மைனஸ் 1-க்கு 4, மைனஸ் 2-க்கு 1. இந்த 4, 6, 4-ஐப் பயன்படுத்துங்கள். பி.டி. ஒப்பீட்டிலிருந்து "நிலை ஒன்று ஏற வேண்டும்" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த லெக் அதைச் செய்வது என்பதை ஒரு சுழல் கவுன்ட்டர் முடிவு செய்யட்டும். போன முறை ஏறியது முதல் செல்லின் இடது லெக் என்றால் இந்த முறை இரண்டாம் செல்லின் இடது லெக். ஒரு நிலை மாற்றத்துக்கு ஒரே ஒரு லெக்தான் அசைய வேண்டும் என்பது கட்டாயம். இப்படிச் செய்தால் பி.டி.யின் லைன் வோல்டேஜும் கிடைக்கும், பி.எஸ்.ஸின் பங்கீடும் கிடைக்கும்.

#7 இளமின்

கவுன்ட்டரை ஒவ்வொரு நிலை மாற்றத்திலும் சுழற்றுவதா, 50 ஹெர்ட்ஸ் சுழற்சிக்கு ஒரு முறை போதுமா? இரண்டாவது எனக்குச் சுலபம்.

#8 சீரிசை

சுலபம்தான், ஆனால் ஒரு முழுச் சுழற்சிக்கு ஒரு செல் மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்து, அடுத்த சுழற்சியில் மற்றது சுமக்கும். சராசரி சமமாகும், கெப்பாசிட்டரில் மட்டும் 25 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் வந்துவிடும். பெரிய கெப்பாசிட்டர் வாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் சுழற்றுங்கள்.

#9 நடுப்புள்ளி

நான் பி.எச்.டி. செய்வது 3-நிலை என்.பி.சி. (நடுப்புள்ளியோடு டையோடால் பிணைத்த) இன்வெர்ட்டரில். நபே, தாகஹாஷி, அகாகி மூவரும் 1981இல் எழுதிய அதே டையோடு கிளாம்ப் அமைப்பு. சீரிசை பிரித்த அந்த இரண்டாவது கேள்விதான் என் வேலை முழுவதும், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்.பி.சி.யில் செல்கள் இல்லை. டிசி பஸ்ஸை இரண்டு கெப்பாசிட்டர் பாதியாகப் பிரிக்கின்றன, நடுவே ஒரு நடுப்புள்ளி. மூன்று பேஸும் தலா +, 0, − என்று எடுக்கலாம், ஆக 27 நிலைகள். மூன்று பேஸ் வோல்டேஜையும் சேர்த்து ஒரே புள்ளியாகக் காட்டும் ஸ்பேஸ் வெக்டர் படத்தில் அவை 19 இடங்களில்தான் விழும். சிறிய வெக்டர்கள் ஆறும் இரட்டைப் பிறவிகள். (+ 0 0) என்பதும் (0 − −) என்பதும் லோடுக்கு ஒரே வோல்டேஜ். ஆனால் முன்னதில் நடுப்புள்ளியிலிருந்து போகும் கரன்ட் முதல் பேஸ் கரன்ட்டின் எதிர்க்குறி, பின்னதில் அதே கரன்ட் நேர்க்குறி. ஒன்று ஒரு கெப்பாசிட்டரை ஏற்றினால் மற்றது இறக்கும். இரண்டுக்கும் எவ்வளவு நேரம் பிரித்துக் கொடுப்பது என்பதில்தான் சமநிலையே இருக்கிறது.

சிக்கல் நடுத்தர வெக்டர்களில். (+ 0 −) என்பதற்கு ஜோடி கிடையாது. இரண்டாம் பேஸின் கரன்ட் நடுப்புள்ளியிலிருந்துதான் போகும், தடுக்க வழியில்லை. மாடுலேஷன் உயரும்போது சிறிய வெக்டர்களுக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கி, நடுத்தர வெக்டர்களின் ஆதிக்கம் கூடும். பவர் ஃபேக்டரும் குறைவாக இருந்தால் நடுப்புள்ளி அடிப்படை அலையின் மூன்று மடங்கில், 50 ஹெர்ட்ஸுக்கு 150 ஹெர்ட்ஸில், ஆடத் தொடங்கும். இதன் எல்லைகளை செலனோவிச்சும் போரோயெவிச்சும் 2000இல் தெளிவாக வரைந்து காட்டினார்கள்.

2004இல் பார்சலோனாவிலிருந்து புஸ்கெட்ஸ்-மோன்ஜே குழு கொண்டுவந்த மெய்நிகர் வெக்டர் எனக்கு மிகவும் பிடித்தது. (+ 0 −)-ஐத் தனியாகப் போடாதீர்கள். (0 − −), (+ 0 −), (+ + 0) மூன்றையும் சம நேரம் போடுங்கள். நடுப்புள்ளிக் கரன்ட் முறையே முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ். மூன்றின் கூட்டுத்தொகை பூஜ்யம். ஒரு ஸ்விட்சிங் சுழற்சிக்குள்ளேயே சமநிலை வந்துவிடுகிறது, எந்தப் பவர் ஃபேக்டரிலும். விலை என்னவென்றால் ஸ்விட்சிங் எண்ணிக்கை கூடும், அவுட்புட் ஹார்மோனிக்கும் கூடும். அதனால் எப்போதும் இதையே ஓட்டாமல், நடுப்புள்ளி நகர்வு ஒரு வரம்பைத் தாண்டும்போது மட்டும் இதற்கு மாறுவது நல்லது என்று நினைக்கிறேன்.

#10 இளமின்

அக்கா, அருமையான விளக்கம். இதைப் படித்ததும் நானும் ஸ்பேஸ் வெக்டருக்கே போய்விடலாமா என்று தோன்றுகிறது. 15 சதவீதம் கூடுதல் வோல்டேஜ் கிடைக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள்.

#11 சீரிசை

அந்த 15 சதவீதம் (சரியாக 15.47) ஸ்பேஸ் வெக்டருக்கு மட்டும் சொந்தமில்லை. மூன்று ரெஃபரன்ஸில் பெரியதையும் சிறியதையும் கூட்டி, பாதியாக்கி, மூன்றிலிருந்தும் கழித்துவிடுங்கள். கேரியர் முறையிலேயே அதே வோல்டேஜ் வரும். மல்டிலெவலில் அதன்பின் ஒரு படி கூடுதல் உண்டு: ஒவ்வொரு ரெஃபரன்ஸும் தன் பட்டைக்குள் எங்கே நிற்கிறது என்ற மிச்சத்தை எடுத்து, அந்த மிச்சங்களுக்கு மறுபடி அதே நடுநிலைப்படுத்தலைச் செய்ய வேண்டும். அப்போது பி.டி. கேரியர், ஸ்பேஸ் வெக்டரின் அதே நிலைகளை அதே நேரங்களுக்குக் கொடுக்கும்.

5 நிலைக்கு ஸ்பேஸ் வெக்டர் வரைந்தால் 125 நிலைகள், 61 வெக்டர்கள், 96 முக்கோணங்கள். எந்த முக்கோணத்தில் இருக்கிறோம் என்று தேடும் நிரலை எழுதுவதைவிட மேலே சொன்ன நாலு வரி எளிது. நடுப்புள்ளி போல உபரி நிலைகளைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் வெக்டர் படம் சிந்திக்க உதவும். உங்கள் எச்-பிரிட்ஜுக்கு அது தேவையில்லை.

#12 மெகாவாட்_முருகு

எல்லோரும் கிலோஹெர்ட்ஸில் பேசுகிறீர்கள். பெரிய மெகாவாட் டிரைவில் ஒரு ஸ்விட்ச் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் போனாலே லாஸ் தாங்காது. அங்கே கேரியர் முறை தடுமாறும். குறிப்பிட்ட ஹார்மோனிக்குகள் பூஜ்யமாகும்படி ஸ்விட்ச் கோணங்களை முன்கூட்டியே கணக்கிடும் எஸ்.எச்.இ. என்கிற ஹார்மோனிக் ஒழிப்பு முறைதான் கை கொடுக்கும். படேலும் ஹாஃப்டும் 1973இல் போட்ட அடித்தளம், இன்றும் நிற்கிறது.

சொல்வதைவிட ஒரு உதாரணம். பேஸுக்கு 5 செல், 11 நிலைகள். ஒவ்வொரு செல்லும் அரைச் சுழற்சிக்கு ஒரே ஒரு முறை ஏறி இறங்குகிறது. மாடுலேஷன் 0.8-க்கு ஏறும் கோணங்கள்: 6.57, 18.94, 27.18, 45.14, 62.24 டிகிரி. கால்குலேட்டரை எடுங்கள். ஐந்தின் கொசைன்களையும் கூட்டினால் 4.00, அதாவது 5-ஐ 0.8-ஆல் பெருக்கியது. இப்போது ஒவ்வொரு கோணத்தையும் 5-ஆல் பெருக்கிக் கொசைன் எடுங்கள்: 0.840, −0.082, −0.718, −0.698, 0.659. கூட்டினால் பூஜ்யம். 5-ஆம் ஹார்மோனிக் காலி. 7, 11, 13-க்கும் அப்படியே செய்து பாருங்கள், எல்லாம் பூஜ்யத்தை ஒட்டியே வரும். மூன்றின் மடங்குகள் லைன் வோல்டேஜில் தாமாகவே போய்விடும். ஆக மிஞ்சும் முதல் ஹார்மோனிக் 17. ஒரு ஸ்விட்ச் 50 ஹெர்ட்ஸில் ஓடி இவ்வளவு சுத்தமான அலை! இன்றைக்கும் இந்தக் கணக்கைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சில மாடுலேஷன் அளவுகளுக்குத் தீர்வே கிடையாது, சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேல் உண்டு. சியாசனும் டோல்பர்ட்டும் பல்லுறுப்புக்கோவையாக மாற்றி எல்லாத் தீர்வுகளையும் பிடிக்கும் வழி காட்டினார்கள். ஆனாலும் நிரலில் அட்டவணையாகத்தான் வைக்க வேண்டும். நிலையான ஓட்டத்துக்கு அருமை, வேகமாக மாறும் கட்டுப்பாட்டுக்கு ஒத்துவராது.

#13 டிரைவ்ஸ்_கோவை

முருகு சாரின் உதாரணத்திலும் சீரிசையின் இரண்டாவது கேள்வி இருக்கிறது, கவனியுங்கள். முதல் கோணத்தை எடுக்கும் செல் அரைச் சுழற்சியில் 167 டிகிரி வேலை செய்கிறது, கடைசிக் கோணத்துச் செல் 55.5 டிகிரிதான். பவர் பங்கு கொசைன் விகிதத்தில், 0.993-க்கு 0.466. இரண்டு மடங்குக்கு மேல். அதனால் கோணங்களை ஐந்து செல்லுக்கும் சுழற்சி முறையில் மாற்றிக் கொடுப்பார்கள். அங்கே ஸ்விட்சிங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25-ஐவிடத் தாழ்ந்த ஏற்ற இறக்கத்தையும் கெப்பாசிட்டர் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

#14 புகளூர்_பக்கம்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புகளூர் உயர் அழுத்த டிசி மின் நிலையம். அங்கிருந்து திருச்சூருக்குப் போகும் ±320 கிலோவோல்ட் லைனும் மல்டிலெவல் வகை என்று படித்தேன். நீங்கள் பேசும் முறைகளில் அதில் எது? சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து வரும் ±800 கிலோவோல்ட் லைனிலும் இதேதானா?

#15 சீரிசை

நல்ல கேள்வி, புகளூர் இரண்டு காலத்துத் தொழில்நுட்பமும் சேர்ந்து நிற்கும் இடம். ராய்கர்–புகளூர் 6000 மெகாவாட் லைன் தைரிஸ்டர் வகை. தைரிஸ்டரை ஆன் செய்யலாம், நாமாக ஆஃப் செய்ய முடியாது. ஆகவே இங்கே பேசும் மாடுலேஷன் எதுவும் அதில் இல்லை, ஆன் செய்யும் நேரத்தைக் குறிக்கும் ஃபயரிங் கோணம்தான். புகளூர்–திருச்சூர், ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் கொண்ட இரண்டு இணைப்பு, எம்.எம்.சி. (மாடுலர் மல்டிலெவல் கன்வர்ட்டர்) வகை. மியூனிக்கில் மார்க்வார்ட் கண்டுபிடித்தது, லெஸ்னிகாருடன் 2003இல் வெளியிட்டது. வணிக அளவில் முதலில் வந்தது 2010இல், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு அடியில் போகும் டிரான்ஸ் பே கேபிள், ±200 கிலோவோல்ட், 400 மெகாவாட்.

டிரான்ஸ் பேயில் ஒரு ஆர்முக்கு (டிசியின் ஒரு முனைக்கும் ஒரு பேஸுக்கும் இடையிலான சங்கிலி) சுமார் 200 சப்மாடியூல் (கெப்பாசிட்டருடன் கூடிய சிறு செல்). இரு டிசி முனைகளுக்கும் இடையிலுள்ள 400 கிலோவோல்ட்டை 200-ஆல் வகுத்தால் ஒரு படி சுமார் 2 கிலோவோல்ட். படி இவ்வளவு சிறியதாகிவிட்டால் கேரியரே வேண்டாம். வேண்டிய வோல்டேஜை ஒரு படியின் அளவால் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தினால் போதும். பிழை எப்போதும் அரைப் படிக்குள். இதுதான் அருகாமை நிலை முறை, இவ்வளவு சப்மாடியூல் உள்ள நிலையங்களுக்குப் பொருத்தமான முறை. முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரியில் முடிந்துவிட்டது.

மிச்ச வேலை எல்லாம் இரண்டாவதில். 200-இல் எந்த 120 சப்மாடியூல் இப்போது உள்ளே இருக்க வேண்டும்? எல்லாக் கெப்பாசிட்டர் வோல்டேஜையும் அளந்து வரிசைப்படுத்துகிறார்கள். ஆர்ம் கரன்ட் ஏற்றும் திசையில் இருந்தால் குறைந்த வோல்டேஜ் உள்ளவை உள்ளே. இறக்கும் திசையில் இருந்தால் அதிகம் உள்ளவை உள்ளே. ஒவ்வொரு முறையும் முழுதாக வரிசைப்படுத்தி மாற்றினால் தேவையில்லாமல் ஸ்விட்ச் ஆகிக்கொண்டே இருக்கும். அதனால் வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டாதவரை உள்ளே இருப்பதை வெளியே எடுக்காமல் விடுவார்கள். அப்படிச் செய்தால் ஒரு ஸ்விட்ச்சின் சராசரி 100, 200 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும்.

5 நிலையில் இந்த முறையை வைக்காதீர்கள், தாழ்ந்த ஹார்மோனிக் தாங்காது.

#16 இளமின்

கவுன்ட்டர் முறையை எழுதத் தொடங்கிவிட்டேன். அதற்குமுன் ஒப்பீட்டுக்காக பி.எஸ்.ஸை ஹார்டுவேரில் ஓட்டினால் ஸ்கோப்பில் பேஸ் வோல்டேஜ் 3 நிலையாகத்தான் வருகிறது, 200, 0, −200. சிமுலேஷனில் 5 வந்தது. டிஎஸ்பி கட்டுப்பாட்டுச் சிப்பில் இரண்டாம் செல்லுக்கு 180 டிகிரி ஷிஃப்ட் கொடுத்திருக்கிறேன், 360-ஐ 2-ஆல் வகுத்து.

#17 டிரைவ்ஸ்_கோவை

90 கொடுங்கள். யூனிபோலர் எச்-பிரிட்ஜுக்கு 180-ஐ செல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முக்கோணக் கேரியரை 180 டிகிரி நகர்த்தினால் அது தலைகீழாகும். இரண்டு லெக்கும் ரெஃபரன்ஸ், எதிர்-ரெஃபரன்ஸ் என்று ஓடுவதால் லெக்குகள் இடம் மாறிக்கொள்ளும், செல்லின் அவுட்புட் அப்படியே இருக்கும். ஆக இரண்டு செல்லும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கி 200 வோல்ட் படிகளைக் கொடுக்கின்றன.

இன்னொன்றையும் பாருங்கள். ஒவ்வொரு செல்லின் கம்பேர் ரெஜிஸ்டரும் (கேரியரோடு ஒப்பிடும் மதிப்பு இருக்கும் இடம்) தன் சொந்தக் கேரியரின் உச்சியிலும் அடியிலும்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். ஒரே இன்ட்டரப்ட்டில் எல்லாச் செல்லுக்கும் புது மதிப்பு எழுதி அது உடனே அமலாகிவிட்டால், கேரியர் சரிவின் நடுவில் ஒப்பீடு தாவி, கூடுதலாக ஒரு ஸ்விட்சிங் வந்துவிடும்.

#18 நடுப்புள்ளி

என்.பி.சி. பக்கம் வருகிறவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. டிரிப் (பழுதால் அவசர நிறுத்தம்) வரும்போது எல்லா கேட்டையும் ஒரே நொடியில் அணைக்காதீர்கள். வெளி ஸ்விட்ச் முதலில், சில மைக்ரோசெகண்ட் கழித்து உள் ஸ்விட்ச். உள் ஸ்விட்ச் முந்திக்கொண்டால் முழு டிசி வோல்டேஜும் அதன் மேல் விழும், பாதிக்குத்தான் அது தேர்வு செய்யப்பட்டது. அதே காரணத்தால் +-இலிருந்து −-க்கு நேராகத் தாவும் நிலையை மாடுலேட்டரிலேயே பூட்டி வையுங்கள், 0 வழியாகத்தான் போக வேண்டும்.

#19 புகளூர்_பக்கம்

ஒரு செல் கெட்டுப்போனால் என்ன ஆகும்? மொத்த டிரைவும் நிற்குமா?

#20 டிரைவ்ஸ்_கோவை

நிற்க வேண்டியதில்லை, இந்த அமைப்பின் பெரிய ஆதாயமே அதுதான். கெட்ட செல்லை பைபாஸ் செய்வார்கள். எம்.எம்.சி.யில் வரிசைப் பட்டியலிலிருந்து ஒரு பெயர் குறையும், உதிரி சப்மாடியூல் ஒன்று அந்த இடத்துக்கு வரும், முடிந்தது. பி.எஸ். ஓடும் டிரைவில் வேலை கொஞ்சம் அதிகம். பேஸுக்கு 3 செல் இருந்தபோது கேரியர்கள் 60 டிகிரி இடைவெளியில் இருந்தன. ஒன்று போனால் அந்த பேஸில் மிச்ச இரண்டையும் 90-க்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்த பேஸில் மட்டும் ஹார்மோனிக் ரத்து கெட்டுவிடும்.

வோல்டேஜும் சமம் தவறும்: 3, 3, 2. மற்ற பேஸ்களிலும் நல்ல செல் ஒவ்வொன்றை நிறுத்தி 2, 2, 2 ஆக்கினால் 67 சதவீதம்தான் கிடைக்கும். அதற்குப் பதிலாக மோட்டாரின் நியூட்ரல் மிதக்கிறது என்பதைப் பயன்படுத்தி பேஸ் கோணங்களை நகர்த்துகிறார்கள். முழுதாக உள்ள இரண்டு பேஸுக்கும் இடையே 98.9 டிகிரி, குறைந்த பேஸுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே 130.5 டிகிரி என்று வைத்தால், லைன் வோல்டேஜ் மூன்றும் சமமாகவே இருக்கும், அளவு ஏறக்குறைய 88 சதவீதம். முக்கோணம் வரைந்து பக்கங்களை அளந்தாலே இந்த எண்கள் வந்துவிடும்.

இதில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கோணம் நகர்ந்ததால் ஒவ்வொரு பேஸிலும் வோல்டேஜுக்கும் கரன்ட்டுக்கும் இடையிலுள்ள கோணம் வேறாகிவிடுகிறது. மோட்டார் குறைந்த லோடில் ஓடும்போது ஒரு பேஸ் பவரைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கலாம். செல்லின் முன்பக்கம் டையோடு பிரிட்ஜ் என்றால் அந்தப் பவருக்குப் போக வழியில்லை, கெப்பாசிட்டர் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். அதனால் பைபாஸுக்குப் பிறகு அந்த பேஸின் டிசி வோல்டேஜ்களைத் தனியாகக் கண்காணித்து, ஏறத் தொடங்கினால் கோண நகர்வைக் குறைக்கும் ஒரு கட்டுப்பாட்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.